பக்கத்து வீட்டுக் குழந்தைக்கு ரத்தப் புற்றுநோய், என் பிள்ளைக்குத் தாதுச்சத்து டிராப்ஸ் கொடுக்கலாமா?

உங்கள் கேள்வியை நான் இப்படிப் புரிந்துகொள்கிறேன். பக்கத்து வீட்டில் 4 வயதுப் பையனுக்கு ரத்தப் புற்றுநோய் என்று தெரியவந்திருக்கிறது. அதற்கு அடுத்த வாரமே குடும்பக் குழுவில் ஒரு செய்தி வந்திருக்கிறது: உடம்பில் தாதுச்சத்து குறைந்தால் சாதாரண வைரஸ் கூட உருமாறிக் கொடியதாகிவிடும், அதுதான் குழந்தைகளுக்குப் புற்றுநோயாக மாறுகிறது, ஆகவே செலினியம், மக்னீசியம், துத்தநாகம் மூன்றும் கலந்த இந்த டிராப்ஸை உடனே கொடுக்க ஆரம்பியுங்கள் என்று. கொடுக்கலாமா என்று கேட்டிருக்கிறீர்கள்.

டிராப்ஸ் வாங்க வேண்டாம். ஆனால் அந்தச் செய்தி முழுப் பொய் என்று சொல்லித் தள்ளிவிட எனக்கு மனம் வரவில்லை. அதற்குப் பின்னால் மூன்று உண்மைகள் இருக்கின்றன, மூன்றும் வெவ்வேறு நாடுகளில், வெவ்வேறு பத்தாண்டுகளில் கண்டுபிடிக்கப்பட்டவை. யாரோ அவற்றை ஒரே கயிற்றில் கோத்து, நுனியில் ஒரு பாட்டிலைக் கட்டிவிட்டார்கள். நான் குழந்தைகளுக்கான உணவு ஆலோசனையில் பல வருடம் இருந்தவன். இந்த மாதிரி பாட்டில்களைப் பை நிறைய எடுத்துவந்து மேஜை மேல் வைத்த தாய்மார்கள் எத்தனையோ பேர், அதனால் கொஞ்சம் நீளமாகவே சொல்கிறேன்.

முதலில் வைரஸ் உருமாறும் கதை. இது சீனாவில் தொடங்குகிறது. வடகிழக்கே ஹெய்லோங்ஜியாங் மாகாணத்தில் கெஷான் என்று ஒரு வட்டாரம். 1935 குளிர்காலத்தில் அங்கே குழந்தைகளும் பிள்ளை பெறும் வயதுப் பெண்களும் திடீர் திடீரென இதயம் பலவீனமாகி இறந்தார்கள். ஊரின் பெயராலேயே அது கெஷான் நோய் ஆயிற்று. பிறகு பார்த்தால் அது ஒரு ஊரோடு நிற்கவில்லை, வடகிழக்கிலிருந்து தென்மேற்கு வரை ஒரு பட்டை போல நீண்டிருந்தது. அந்தப் பட்டை முழுக்க மண்ணில் செலினியம் மிகவும் குறைவு. மண்ணில் இல்லாதது தானியத்தில் எப்படி வரும்? அந்தக் காலத்தில் அந்த விவசாயக் குடும்பங்கள் சொந்த வயலில் விளைந்ததை மட்டுமே சாப்பிட்டார்கள், வெளியூர் அரிசியோ மீனோ கிடையாது, ஆக மண்ணின் குறை நேராகக் குழந்தையின் ரத்தத்துக்கு வந்து சேர்ந்தது.

1974இல் சிச்சுவான் மாகாணத்தில் ஒரு சோதனை தொடங்கினார்கள். 1 முதல் 9 வயது வரையான குழந்தைகளில் ஒரு பகுதிக்கு வாரம் ஒரு முறை சோடியம் செலினைட் மாத்திரை, இன்னொரு பகுதிக்குச் செலினியம் இல்லாத மாத்திரை. அந்த ஒரே வருடத்தில், செலினியம் பெறாத 3985 குழந்தைகளில் 54 பேருக்கு நோய் வந்தது, பெற்ற 4510 பேரில் 10 பேருக்கு மட்டும். அடுத்த வருடமும் இதே போக்கு. 1976 முதல் எல்லாக் குழந்தைகளுக்கும் கொடுக்க ஆரம்பித்துவிட்டார்கள். சத்துணவு வரலாற்றில் இவ்வளவு தெளிவான முடிவு அபூர்வம்.

ஆனால் ஒரு முடிச்சு அவிழவில்லை. மண்ணில் செலினியம் வருடம் முழுக்கக் குறைவாகத்தான் இருக்கிறது, அப்படியிருக்க நோய் மட்டும் ஏன் வடக்கே குளிர்காலத்திலும் தெற்கே கோடையிலும் ஏறி இறங்குகிறது? சில வருடம் கொத்துக் கொத்தாக வருகிறது, சில வருடம் அடங்கிவிடுகிறது. இப்படிப் பருவம் பார்த்து வருவது தொற்றுநோயின் குணம். நோயாளிகளிடம் தேடியபோது காக்ஸாக்கி வைரஸ் கிடைத்தது. இந்தக் குடும்பத்து வைரஸ்கள் ஒன்றும் அரியவை இல்லை. நம் ஊர்ப் பள்ளிக்கூடங்களில் கை, கால், வாயெல்லாம் கொப்புளம் வருகிறதே, அதற்குக் காரணமான வைரஸ்களில் சில இதே குடும்பம்தான்.

இங்கேதான் அமெரிக்காவில் வட கரோலினாப் பல்கலைக்கழகத்தின் மெலிண்டா பெக்கும், அவரோடு வேலை செய்த ஆர்வில் லெவாண்டரும் வருகிறார்கள். இதயத்தைத் தாக்காத சாதுவான ஒரு காக்ஸாக்கி வைரஸை எடுத்து, செலினியம் இல்லாத தீவனம் தின்று வளர்ந்த எலிகளுக்கு ஏற்றினார்கள். எலிகளுக்கு இதயம் கெட்டது. சரி, சத்து இல்லாத எலி, எதிர்ப்புச் சக்தி இல்லை, கெட்டது என்று விட்டுவிடலாம். அவர்கள் விடவில்லை. அந்த எலியின் உடம்பிலிருந்து வைரஸைத் திரும்ப எடுத்து, நன்றாகச் சாப்பிட்டு வளர்ந்த ஆரோக்கியமான எலிக்கு ஏற்றிப் பார்த்தார்கள். அதற்கும் இதயம் கெட்டது! வைரஸின் மரபு எழுத்துகளைப் படித்துப் பார்த்தபோது 6 இடங்களில் மாறியிருந்தது. 1995இல் இது வெளியானது. 2001இல் இன்ஃப்ளூயன்ஸா வைரஸை வைத்தும் இதையே செய்தார்கள், லேசான நோயை மட்டும் உண்டாக்கும் ஒரு வகை, செலினியம் இல்லாத எலிக்குள் போய் வரும்போது கடுமையான வகையாகத் திரும்பியது.

இதை முதன்முதலில் படித்த அன்று எனக்கு ஏற்பட்ட திகைப்பு இன்னும் நினைவிருக்கிறது. அதுவரை நாங்கள் படித்ததெல்லாம், சத்துக் குறைவு என்றால் நோயாளிக்குப் பலவீனம், அவ்வளவுதான். ஒருவரின் பட்டினி வைரஸையே மாற்றி, வயிறார உண்டவரையும் தாக்க அனுப்பும் என்பது புதிது. ஏன் இப்படி? செலினியம் நம் உடம்பில் சில நொதிகளின் மையத்தில் உட்கார்ந்திருக்கிறது, குளூட்டாதயோன் பெராக்சிடேஸ் அதில் முக்கியமானது. செல்லுக்குள் உருவாகும் பெராக்சைடு போன்ற அரிக்கும் பொருள்களை அடக்குவது அதன் வேலை. அது இல்லாவிட்டால் செல்லுக்குள் அரிப்பு கூடுகிறது. காக்ஸாக்கி, இன்ஃப்ளூயன்ஸா போன்ற ஆர்.என்.ஏ. வகை வைரஸ்கள் தங்களைப் பிரதி எடுக்கும்போது ஏற்கெனவே நிறையப் பிழை செய்பவை. அரிப்பு மிகுந்த, எதிர்ப்புச் சக்தியும் தளர்ந்த செல்லில் அந்தப் பிழைகளிலிருந்து கொடிய வகை தலையெடுக்க வழி கிடைக்கிறது. அந்த நொதியின் மரபணுவையே நீக்கிய எலிகளிலும் இதே உருமாற்றம் நடந்ததால், செலினியம் வேலை செய்யும் இடம் இதுதான் என்பது உறுதியானது.

ஆக, உங்களுக்கு வந்த செய்தியின் முதல் பாதி எலிகளில் நிரூபிக்கப்பட்டது, மனிதரில் கெஷான் அதற்குத் துணை நிற்கிறது. ஆனால் கவனியுங்கள், அங்கே வந்தது இதய நோய். புற்றுநோய் இதில் எங்கேயும் இல்லை.

இரண்டாவது உண்மை மக்னீசியம். இதில்தான் தாதுச்சத்து, வைரஸ், குழந்தைப் புற்றுநோய் மூன்றும் உண்மையிலேயே ஒரே இடத்தில் சந்திக்கின்றன. அதனால்தான் இதை எல்லோரும் எடுத்துப் பேசுகிறார்கள், பாதியோடு நிறுத்தியும்விடுகிறார்கள்.

எப்ஸ்டீன்-பார் வைரஸ் என்று ஒன்று, சுருக்கமாக இ.பி.வி. உலகில் வளர்ந்தவர்களில் பத்தில் ஒன்பது பேருக்கு மேல் அது இருக்கிறது, எச்சில் வழியாகப் பரவும், நம் நாட்டில் பெரும்பாலும் சிறு வயதிலேயே தொற்றிவிடும். பெரும்பாலோருக்கு வந்ததே தெரியாது. நம் ரத்தத்தின் வெள்ளை அணுக்களில் ஒரு வகையான பி செல்களுக்குள் புகுந்து, ஆயுள் முழுக்க அங்கேயே படுத்துக்கிடக்கும். அது எழுந்திருக்காமல் காவல் காப்பவை டி செல்களும், என்.கே. செல்கள் என்று சொல்லப்படும் இயற்கைக் கொல்லி செல்களும். 2011இல் அமெரிக்கத் தேசிய சுகாதார நிறுவனத்தில் மைக்கேல் லெனார்டோவின் குழு, இ.பி.வி.யைக் கட்டுப்படுத்தவே முடியாமல் தவிக்கும் சில ஆண் பிள்ளைகளைப் பற்றி எழுதியது. இப்படிப்பட்டவர்களில் சிலருக்கு நிணநீர்ப் புற்றுநோயும் வந்தது. எல்லோருக்கும் எக்ஸ் குரோமோசோமில் இருக்கும் மேக்டி1 என்ற ஒரே மரபணுவில் பழுது. அந்த மரபணு மக்னீசியத்தைச் செல்லுக்குள் கடத்தும் புரதத்தை உண்டாக்குவது என்று அன்று கருதப்பட்டது. அதனால் நோயின் பெயரிலேயே மக்னீசியக் குறை என்று சேர்த்து, எக்ஸ்மென் என்று அழைத்தார்கள். 2013இல் அடுத்த கட்டுரை: செல்லுக்குள் மக்னீசியம் குறைவதால் காவல் செல்களின் மேல் இருக்க வேண்டிய ஒரு முக்கியமான உணர்கருவி குறைந்துபோகிறது, நோயாளிகளுக்கு மக்னீசியம் கொடுத்தபோது வைரஸ் பிடித்த செல்கள் குறைந்தன என்று.

எவ்வளவு நம்பிக்கை தரும் செய்தி, பாருங்கள். ஒரு மலிவான தாது உப்பு, ஒரு வைரஸ், ஒரு புற்றுநோய், மூன்றுக்கும் ஒரே சாவி. இணையத்தில் சுற்றும் கதைகள் இந்த இடத்தோடு நின்றுவிடுகின்றன. கதை அதற்கு மேல் போனது. அதே ஆய்வாளர்கள் இன்னும் அதிக நோயாளிகளைப் பார்த்தார்கள். அந்த மரபணுவின் முக்கிய வேலை, புரதங்களின் மேல் சர்க்கரைச் சங்கிலி ஒட்டும் பணிக்கு உதவுவது என்று தெரிந்தது. சர்க்கரை ஒட்டாததால்தான் அந்த உணர்கருவி செல்லின் மேல் நிலைக்கவில்லை. பிறகு சிலருக்கு மக்னீசியம், சிலருக்கு வெறும் மாத்திரை என்று முறையாகச் சோதித்துப் பார்த்தபோது, மக்னீசியத்தால் வைரஸ் குறையவில்லை. நோயின் பெயரைச் சுருக்கம் மாறாமல் வைத்துக்கொண்டு, அதன் விரிவில் இருந்த மக்னீசியக் குறையை எடுத்துவிட்டு மரபணுவின் பெயரைப் போட்டார்கள். தங்கள் கண்டுபிடிப்பைத் தாங்களே திருத்திய அந்த நேர்மைக்கு நான் தலை வணங்குகிறேன். ஆனால் திருத்தம் வந்த செய்தி நம் குடும்பக் குழுக்களுக்கு வந்து சேரவே இல்லை.

இதில் இன்னொரு விஷயம், அந்தப் பிள்ளைகளின் ரத்தத்தில் மக்னீசியம் சரியான அளவில்தான் இருந்தது. அவர்கள் கீரை சாப்பிடாததால் வந்த குறை இல்லை, பிறவியிலேயே வந்த மரபணுப் பழுது. உலகம் முழுக்க மிகச் சிலருக்கே இருப்பது. அதை வைத்து உங்கள் பிள்ளைக்கு மக்னீசியம் விற்பது நியாயமே இல்லை.

அதற்காக மக்னீசியம் எதிர்ப்புச் சக்திக்கு வேண்டாதது என்று நான் சொல்லவில்லை. 2022இல் சுவிட்சர்லாந்தின் பாசல் நகர ஆய்வாளர்கள், டி செல்கள் எதிரிச் செல்லை இறுகப் பிடித்துக்கொள்ள உதவும் ஒரு கொக்கி, சுற்றிலும் மக்னீசியம் போதிய அளவு இருந்தால்தான் சரியாக விரிகிறது என்று காட்டினார்கள். உணவில் போதுமான மக்னீசியம் வேண்டும் என்பதற்கு இது நல்ல காரணம். எள், வேர்க்கடலை, கம்பு, கேழ்வரகு, பயறு, கீரை இவையெல்லாம் உள்ள வீட்டில் அது தானாகவே கிடைத்துவிடும்.

இ.பி.வி. பற்றிப் பேசும்போது ஆப்பிரிக்காவைச் சொல்லாமல் விட முடியாது. உகாண்டாவில் வேலை பார்த்த டெனிஸ் பர்கிட் என்ற அறுவை மருத்துவர், குழந்தைகளின் தாடையில் வேகமாக வளரும் ஒரு கட்டியைப் பற்றி 1958இல் எழுதினார். 1964இல் அந்தக் கட்டியின் செல்களில்தான் இ.பி.வி. முதன்முதலாகக் கண்ணில் பட்டது, மனிதப் புற்றுநோயோடு தொடர்பு காட்டப்பட்ட முதல் வைரஸ் அதுவே. ஆனால் உலகம் முழுக்க இருக்கும் வைரஸ், கட்டியை மட்டும் ஏன் மலேரியா மிகுந்த பகுதிகளில் அதிகம் உண்டாக்குகிறது? மலேரியா திரும்பத் திரும்ப வந்து எதிர்ப்புச் சக்தியைக் குலைப்பது ஒரு காரணம். 2010இல் மேற்குக் கென்யாவில் பக்கத்துப் பக்கத்துப் பகுதிகளை ஒப்பிட்டபோது, நோய் எங்கே அதிகமோ அங்கே மலேரியாவும் இ.பி.வி.யும் மட்டுமல்லாமல் ஊட்டக்குறைவும் சேர்ந்து நின்றது. வைரஸ் தனியாக எதையும் செய்துவிடுவதில்லை, துணைக்கு ஆள் வேண்டும், ஊட்டக்குறைவு அப்படி ஒரு துணை என்று நினைக்க இடமிருக்கிறது.

மூன்றாவது உண்மை அயோடின். தாதுக் குறைவு குழந்தைகளின் புற்றுநோயோடு நேராகக் கைகோத்த இடம் எது என்று என்னைக் கேட்டால் இதைத்தான் சொல்வேன், இதில் வைரஸுக்கு வேலையே இல்லை. 1986 ஏப்ரல் 26, செர்னோபில் அணு உலை வெடித்தது. கதிரியக்க அயோடின் புல்லில் படிந்து, பசுவின் பாலில் இறங்கி, குழந்தைகளின் வயிற்றுக்குப் போனது. அந்தப் பக்கத்து மண்ணில் அயோடின் ஏற்கெனவே குறைவு. அயோடினுக்கு ஏங்கிக் கிடந்த தைராய்டு சுரப்பி நல்லது கெட்டது பார்க்குமா? வந்ததை அள்ளிக்கொண்டது. பெலாரஸிலும் ரஷ்யாவிலும், விபத்தின்போது 15 வயதுக்குக் கீழ் இருந்து பிறகு தைராய்டு புற்றுநோய் வந்த 276 பேரை, நோய் வராத 1300 பேரோடு ஒப்பிட்டு 2005இல் வெளியிட்டார்கள். அதே அளவு கதிர்வீச்சு வாங்கியிருந்தாலும் அயோடின் குறைந்த பகுதிகளில் ஆபத்து சுமார் 3 மடங்கு அதிகம். பிற்பாடு பொட்டாசியம் அயோடைடு கொடுக்கப்பட்ட குழந்தைகளிடம் ஆபத்து மூன்றில் ஒன்றாகக் குறைந்தது. ஒரு தாதுக் குறைவு தானாகப் புற்றுநோயை உண்டாக்கவில்லை, ஆனால் வந்த நஞ்சுக்குக் கதவைத் திறந்துவிட்டது.

இப்போது பக்கத்து வீட்டுப் பையனுக்கு வந்திருக்கும் ரத்தப் புற்றுநோய்க்கு வருவோம். அந்த வயதில் அதிகம் வருவது லிம்ஃபோபிளாஸ்டிக் லுக்கேமியா என்ற வகை. அதற்கு இந்த வைரஸ்தான் காரணம் என்று எதையும் இதுவரை சுட்டிக்காட்ட முடியவில்லை. ஏதோ ஒரு தாது குறைந்ததால் வந்தது என்பதற்கும் ஆதாரம் கிடையாது. பிரிட்டனின் ஆய்வாளர் மெல் கிரீவ்ஸ் பல பத்தாண்டுகள் உழைத்து முன்வைத்த விளக்கம் இப்படி: முதல் மரபணு மாற்றம் தாயின் வயிற்றிலேயே தற்செயலாக நடக்கிறது, சுமார் 100 குழந்தைகளில் ஒன்று அப்படிப் பிறக்கிறது. அவர்களிலும் 100க்கு 1 பேருக்குத்தான் நோய் வருகிறது. இரண்டாவது மாற்றத்தைத் தூண்டுவது, பின்னால் வரும் சாதாரணத் தொற்றுக்கு உடம்பு காட்டும் முறையற்ற எதிர்வினை. அதுவும் முதல் வயதில் தொற்றுகளையே அதிகம் பார்க்காமல் பொத்திப் பொத்தி வளர்ந்த எதிர்ப்பு மண்டலம் அப்படி நடந்துகொள்ள வாய்ப்பு அதிகம் என்கிறார். இது ஒரு கோட்பாடு. ஆனால் இதில் எந்த இடத்திலும் அந்தத் தாய் எதையோ கொடுக்கத் தவறிவிட்டார் என்று வருவதில்லை. தயவுசெய்து இதை அவரிடம் சொல்லுங்கள். பிள்ளைக்கு ஒழுங்காகச் சாப்பாடு போடவில்லை, அதனால்தான் வந்தது என்று யாராவது ஒருவர் இந்நேரம் அவர் காதுபடச் சொல்லியிருப்பார். அது பொய், கொடுமையான பொய்.

அப்புறம் டிராப்ஸ். கொடுத்தால் நல்லது இல்லாவிட்டாலும் கெடுதல் ஒன்றும் இல்லையே என்று தோன்றும். தாதுக்களில் அந்தக் கணக்கு செல்லாது. செலினியத்தில் தேவைக்கும் நஞ்சுக்கும் நடுவே இடைவெளி மிகக் குறுகல். 4 வயதுக் குழந்தைக்கு ஒரு நாளைக்குத் தேவை 30 மைக்ரோகிராம், அமெரிக்க அளவுகோலின்படி 150க்கு மேல் போகக் கூடாது. கெஷான் இருக்கும் அதே சீனாவில், ஹூபே மாகாணத்து என்ஷியில் 1960களில் மக்களுக்கு முடி கொட்டி நகம் கழன்று விழுந்தது, காரணம் செலினியம் மிகுதி. நம் நாட்டிலேயே பஞ்சாபில் ஹோஷியார்பூர், நவான்ஷஹர் பக்கம் சில நிலங்களில் செலினியம் நஞ்சாகும் அளவுக்கு இருக்கிறது. 2008இல் அமெரிக்காவில் ஒரு திரவச் சத்து மருந்தில் செலினியம் அச்சிட்ட அளவைவிட 200 மடங்கு கலந்துபோய் 201 பேர் பாதிக்கப்பட்டார்கள், முடி கொட்டல், வயிற்றுப்போக்கு, மூட்டு வலி. துத்தநாகத்தை மாதக்கணக்கில் அதிகமாகக் கொடுத்தால் அது குடலில் தாமிரத்தை உள்ளே விடாது. தாமிரம் குறைந்தால் ரத்தசோகை வரும், வெள்ளை அணுக்களும் குறையும். எதிர்ப்புச் சக்திக்கு என்று கொடுத்த மருந்து அதையே குறைத்துவிடும்.

துத்தநாகத்தைக் கொடுக்க வேண்டிய இடம் ஒன்று இருக்கிறது, அதைத்தான் நம் வீடுகளில் விட்டுவிடுகிறார்கள். வயிற்றுப்போக்கு. குழந்தைகளின் வயிற்றுப்போக்கில் பெரும்பகுதி ரோட்டா போன்ற வைரஸ்களால் வருவது. உலக சுகாதார நிறுவனமும் யுனிசெஃபும் 2004இலேயே சொல்லிவிட்டன, ஓ.ஆர்.எஸ். கரைசலோடு துத்தநாகம், 6 மாதத்துக்கு மேல் தினம் 20 மில்லிகிராம், அதற்குக் கீழ் 10 மில்லிகிராம், 10 முதல் 14 நாள் என்று. ஆரம்பச் சுகாதார நிலையத்தில் இலவசமாகவே தருகிறார்கள். இரண்டு நாளில் போக்கு நின்றதும் மாத்திரையையும் நிறுத்திவிடுகிறார்கள், மீதி அட்டை அலமாரியில் கிடக்கும். முழு நாள் கணக்கும் கொடுத்தால்தான் அடுத்த சில மாதங்களுக்கு மறுபடி வருவது குறையும். துத்தநாகம் மனிதருக்கு அவசியம் என்பதையே உலகுக்குக் காட்டியவர் பீகாரில் பிறந்த ஆனந்த பிரசாத் என்ற மருத்துவர். 1958இல் ஈரானின் ஷிராஸில் அவர் பார்த்த ஒரு நோயாளிக்கு வயது 21, தோற்றம் 10 வயதுப் பையனுடையது. தட்டையான ரொட்டியைத் தவிர வேறு அதிகம் கிடைக்காத உணவு, கூடவே மண் தின்னும் பழக்கம். அப்படிப்பட்டவர்கள் தொற்றுநோயால் இளம் வயதிலேயே இறந்துபோனதை அவர் பின்னாளில் எழுதியிருக்கிறார். தானியத்தில் துத்தநாகம் இருந்தும் அதிலுள்ள ஃபைட்டேட் என்ற பொருள் அதைப் பிடித்து வைத்துக்கொள்ளும். மாவைப் புளிக்க வைப்பதும், பயறை முளைகட்டுவதும், ஊறவைப்பதும் அந்தப் பிடியைத் தளர்த்தும். இட்லி தோசை மாவு அந்த வகையில் நமக்கு ஒரு பெரிய கொடை.

இரும்புச்சத்தைப் பற்றி ஒன்று சொல்லியே ஆக வேண்டும், உங்கள் கேள்வியில் அது இல்லாவிட்டாலும். தேசியக் குடும்பநல ஆய்வின் ஐந்தாவது சுற்றில், 5 வயதுக்குட்பட்ட இந்தியக் குழந்தைகளில் 67 சதவீதம் பேருக்கும், தமிழ்நாட்டில் 57 சதவீதம் பேருக்கும் ரத்தசோகை. இவ்வளவு பரவலாக இருப்பதால் ஒரு ஆபத்து: வெளிறிப்போன குழந்தையைப் பார்த்ததும் இரும்பு டானிக் எழுதிக் கொடுத்துவிடுவார்கள், வீட்டிலும் மாதக்கணக்கில் கொடுத்துக்கொண்டே இருப்பார்கள். ரத்தப் புற்றுநோயின் முதல் அறிகுறிகளில் ஒன்றும் அதே வெளிறல்தான். இரும்புக் குறைவால் வந்த சோகை என்றால், டானிக்கை ஒழுங்காக ஒரு மாதம் கொடுத்ததும் ஹீமோகுளோபின் 1 கிராமாவது ஏற வேண்டும். ஏறவில்லை என்றால் பாட்டிலை மாற்றாதீர்கள், மருத்துவரிடம் திரும்பப் போங்கள். அதோடு விட்டு விட்டு வரும் காய்ச்சல், காரணமில்லாமல் தோலில் நீலத் தழும்பு அல்லது சிவப்புப் புள்ளிகள், கால் எலும்பு வலிக்கிறது என்று நடக்க மறுப்பது, கழுத்தில் நெறிகட்டிக் குறையாமல் இருப்பது, வயிறு உப்புவது, இவற்றில் ஏதாவது சேர்ந்தால் ஒரு நாளும் தள்ளிப்போட வேண்டாம். முழு ரத்தப் பரிசோதனையும், ரத்தத்தைக் கண்ணாடித் தகட்டில் தேய்த்து மைக்ரோஸ்கோப்பில் பார்க்கும் சோதனையும் செய்யச் சொல்லுங்கள், சின்ன ஊரிலும் கிடைக்கும் சோதனைகள்தான். டானிக்கை நம்பி மூன்று மாதம் போக்கிவிட்டு வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன், அந்தப் பெற்றோரின் முகம் மறக்காது.

சரி, வைரஸால் வரும் குழந்தைப் புற்றுநோயைத் தடுக்க நிரூபிக்கப்பட்ட வழி ஏதும் உண்டா என்றால், உண்டு, அது ஒரு ஊசி. ஹெபடைடிஸ் பி. பிறக்கும்போது தாயிடமிருந்து தொற்றினால் ஈரலில் தங்கி, சிலருக்குச் சிறு வயதிலேயே ஈரல் புற்றுநோயாகிறது. தைவான் 1984இல் பிறந்த குழந்தைகளுக்கு இந்தத் தடுப்பூசி போட ஆரம்பித்தது. 6 முதல் 14 வயது வரையான பிள்ளைகளில் ஈரல் புற்றுநோய் 1980களின் முற்பகுதியில் லட்சத்துக்கு 0.70 ஆக இருந்தது, 1990-94இல் 0.36 ஆகிவிட்டது. பாதி! இங்கே அரசு மருத்துவமனையில் பிறந்த அன்றே போடுகிறார்கள், பிறகு 6, 10, 14ஆம் வாரங்களில் ஐந்து நோய்த் தடுப்பூசியில் சேர்ந்து வருகிறது. உங்கள் பிள்ளையின் தடுப்பூசி அட்டையை இன்றைக்கே எடுத்து அது விடுபட்டிருக்கிறதா என்று பாருங்கள். டிராப்ஸுக்குச் செலவழிக்கும் கவலையை இதற்குச் செலவழிக்கலாம்.

சாப்பாட்டில் என்ன செய்ய? நீங்கள் எழுதியதைப் பார்த்தால் பிள்ளை முட்டை சாப்பிடுகிறான், மீன் வாரம் ஒரு நாள். செலினியத்துக்கு அதுவே போதும், நெத்திலியோ மத்தியோ கிடைத்தால் இன்னும் நல்லது. நீங்கள் சமையலுக்குக் கல்லுப்பு வாங்குவதாகச் சொன்னதுதான் எனக்கு உறுத்துகிறது. உப்பு விளையும் தூத்துக்குடி நம்மிடம்தான் இருக்கிறது, ஆனாலும் 2018-19இல் நாடு முழுக்க எடுத்த கணக்கில் அயோடின் சேர்ந்த உப்பைப் பயன்படுத்தும் வீடுகளில் தமிழ்நாடுதான் கடைசி. அயோடின் சேர்த்தது என்று அச்சிட்ட உப்பை வாங்குங்கள், கல்லுப்பிலும் அப்படி வருகிறது. காற்றுப் புகாமல் மூடி வையுங்கள். முருங்கைக்கீரை போடும் அன்று எலுமிச்சையோ நெல்லிக்காயோ கூட இருக்கட்டும், இரும்பு உடம்பில் ஏற அது உதவும். சாப்பிட்டதும் டீ கொடுக்கும் பழக்கம் இருந்தால் நிறுத்திவிடுங்கள். வாரம் இரண்டு முறை அங்கன்வாடியில் தரும் இரும்புச் சிரப்பையும், பிப்ரவரியிலும் ஆகஸ்டிலும் தரும் பூச்சி மாத்திரையையும் வேண்டாம் என்று சொல்லாதீர்கள்.

பக்கத்து வீட்டாருக்கு அந்த டிராப்ஸை வாங்கிக் கொடுக்கலாமா என்றும் கேட்டிருக்கிறீர்கள். கூடவே கூடாது. அந்தக் குழந்தைக்குக் கொடுக்கும் மருந்துகளில் மெத்தோட்ரெக்ஸேட் என்று ஒன்று பெரும்பாலும் இருக்கும், அது ஃபோலிக் அமிலத்தின் வேலையைத் தடுத்துத்தான் புற்றுச் செல்லைக் கொல்கிறது. சத்து டானிக்குகளில் ஃபோலிக் அமிலம் இருக்கும், மருந்தின் பலத்தை அது குறைத்துவிடலாம். ரத்தம் பலமுறை ஏற்றிய குழந்தைக்கு உடம்பில் ஏற்கெனவே இரும்பு மிகுந்திருக்கும், அதன் மேல் இரும்பு டானிக் வேண்டவே வேண்டாம். எது கொடுப்பதானாலும் அவனைப் பார்க்கும் புற்றுநோய் மருத்துவர் சொன்ன பிறகே. ஆனால் சாப்பாடு மிகவும் முக்கியம், மெலிந்துபோன குழந்தைகளுக்குக் கீமோவைத் தாங்குவதும், நடுவில் வரும் தொற்றைத் தாண்டுவதும் கஷ்டம். அந்த அம்மா ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலையும் நாள்களில், அவர்களுடைய மருத்துவமனை எதைக் கொடுக்கலாம் என்று சொல்லியிருக்கிறதோ அதைக் கேட்டு, அன்றன்றைக்குச் சுடச்சுடச் சமைத்துக் கொண்டுபோய்க் கொடுங்கள். நன்றாக வெந்த முட்டை, பருப்புச் சாதம், இட்லி. பச்சைக் காய்கறி, வெளியில் வாங்கியது, முந்தின நாள் மீந்தது எதுவும் வேண்டாம். இன்றைய சிகிச்சையில் வளர்ந்த நாடுகளில் இந்த வகை வந்த குழந்தைகளில் பத்துக்கு ஒன்பது பேர் வரை பிழைக்கிறார்கள், பாதியில் நிறுத்தாமல் முழுச் சிகிச்சையும் எடுப்பதுதான் அதில் பெரிய விஷயம், அதற்கு அந்தக் குடும்பத்துக்குப் பக்கத்தில் ஆள் வேண்டும்.

உங்கள் பிள்ளைக்குச் சளியோ காய்ச்சலோ இருந்தால் அந்த வாரம் அவர்கள் வீட்டுக்குப் போக விடாதீர்கள். முக்கியமாக அம்மை. நம் ஊரில் அம்மை போட்டால் வேப்பிலை கட்டிவிட்டு வெளியே சொல்லாமல் இருப்போம், இந்த விஷயத்தில் அப்படி இருந்துவிடாதீர்கள். கொப்புளம் தெரிவதற்கு ஒன்றிரண்டு நாள் முன்பிருந்தே அது பரவும், கீமோ எடுக்கும் குழந்தைக்கு அது உயிருக்கே ஆபத்து. உங்கள் பிள்ளைக்கு ஒரு கொப்புளம் கண்ணில் பட்டாலும், கடந்த சில நாளில் இரண்டு பேரும் சேர்ந்து விளையாடியிருந்தால், அந்த நிமிடமே அவர்களுக்குப் போன் செய்து சொல்லுங்கள். அவர்கள் மருத்துவரிடம் சொன்னால் அதற்கென்று ஊசியும் மருந்தும் இருக்கிறது, எவ்வளவு சீக்கிரம் கொடுக்கிறார்களோ அவ்வளவுக்குப் பலன்.